குனிந்தால் கனக்கும் முகம்

"குனிஞ்சா மூஞ்சி வெடிச்சிடும்போல இருக்கு" என்றார் அந்த அம்மா. நாற்பதைத் தாண்டிய வயது. ஜவ்வாது மலையில் சாமைக் கொல்லை வைத்திருக்கும் குடும்பம். களையெடுப்பதும் அறுப்பதும் குனிந்தபடியே நடக்கிற வேலைகள். ஒரு வருடத்துக்கும் மேலாக அவரால் கொல்லையில் இறங்க முடியவில்லை. இதை அவர் வீட்டுக்காரர் குறையாகச் சொல்லவில்லை, பயத்தோடு சொன்னார்.

ஜமுனாமரத்தூர்ப் பக்கம் மாதாமாதம் நடந்த மருத்துவ முகாமுக்கு நான் போய்க்கொண்டிருந்த காலம் அது. ரேடியாலஜிஸ்டுக்கு முகாமில் என்ன வேலை என்று பலர் கேட்டதுண்டு. எங்கள் வேனில் ஒரு எக்ஸ்ரே மெஷின் இருந்தது, பின்பக்கம் கறுப்புத் துணி தைத்த ஒரு மூலையில் ஃபிலிம் கழுவும் தொட்டிகள் இருந்தன. போளூரிலிருந்து மலையேறும்போது கொண்டை ஊசி வளைவுகளில் டெவலப்பர் சிந்தாமல் கேனைப் பிடித்துக்கொண்டு வருவது டெக்னீஷியனின் முதல் வேலை. இரண்டாவது வேலைதான் எக்ஸ்ரே எடுப்பது.

முகம் வீங்கி வருகிற ஆளைப் பார்த்தால் எல்லோருக்கும் கிட்னிதான் நினைவுக்கு வரும். அந்த அம்மாவுக்கும் அப்படித்தான் நடந்திருந்தது. கீழே ஒரு கிளினிக்கில் சிறுநீர் சோதித்து, ஒன்றும் இல்லை என்று வந்த பிறகும் நீர் மாத்திரை கொடுத்திருந்தார்கள். தைராய்டு பார்த்தாகிவிட்டது. ஊரில் காத்து கருப்பு என்று சொல்லி மந்திரித்த கயிறும் கட்டியிருந்தது. கயிறு மணிக்கட்டில் பதிந்து கிடந்தது. கைகளும் வீங்கியிருந்தன. திருவிழாவுக்கு வந்த வளையல்காரர் இரண்டு கைகளையும் பிடித்துப் பார்த்துவிட்டு, போன வருஷ அளவு ஏறாது என்று சொன்னாராம். அதைத்தான் அந்த அம்மா முதலில் சொன்னார். மூச்சிரைப்பு, தலைவலி எல்லாம் அப்புறம்தான் வந்தன. எனக்கு அந்த வளையல் விஷயமே போதுமானதாக இருந்தது.

ஏனென்றால் அவர் கால்களில் வீக்கமே இல்லை. கிட்னியோ இதயமோ கெட்டால் நீர் தாழ்வான இடத்தில் சேரும். நடமாடுகிற ஆளுக்கு அது கணுக்கால். இங்கே முகம், கழுத்து, இரண்டு கைகள், அதோடு நின்றுவிட்டது. நெஞ்சுக்குக் கீழே சாதாரண உடம்பு. காலையில் எழுந்ததும் மோசம், மதியத்துக்குள் கொஞ்சம் வடியும். தோள்பட்டைக்குக் கீழே, விலா ஓரமாக, நீலநீலமாய் நரம்புகள் சுருண்டு கிடந்தன.

முகாமில் இருந்த சிஸ்டரிடம் ஒரு சோதனையைச் செய்யச் சொன்னேன். திரைக்கு அந்தப் பக்கம் அவர் செய்ய, இந்தப் பக்கம் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். புடைத்த நரம்பின் மேல் இரண்டு விரல்களையும் ஒட்டி வைத்து அழுத்தி, ஒரு விரலை நகர்த்தி நடுவிலுள்ள ரத்தத்தை வழித்துவிட வேண்டும். பிறகு மேல்விரலை மட்டும் எடுக்க வேண்டும். "மேலருந்து ரொம்புது சார்" என்றார் சிஸ்டர். "இப்ப மறுபடி வழிச்சிட்டு, கீழ்விரல எடுங்க." "மெதுவாத்தான் ரொம்புது." விலா ஓரத்து நரம்பில் ரத்தம் மேல்நோக்கி அக்குளுக்குப் போக வேண்டும். இவருக்கு அது கீழ்நோக்கி, வயிற்றுப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

தலையிலிருந்தும் இரண்டு கைகளிலிருந்தும் இதயத்துக்குத் திரும்புகிற ரத்தம் முழுவதும் ஒரே ஒரு குழாய் வழியாக இறங்க வேண்டும். மேற்பெருஞ்சிரை என்பார்கள், எங்கள் பேச்சில் எஸ்.வி.சி. ஏழு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். சுவர் மெல்லியது, உள்ளே அழுத்தம் குறைவு. நெஞ்செலும்புக்குப் பின்னால், வலப்பக்கம், மூச்சுக்குழலுக்கும் மகாதமனிக்கும் நடுவே நெருக்கடியான ஓர் இடத்தில், நெறிகள் சூழ அது இருக்கிறது. அந்த இடத்தில் எது பெருத்தாலும் முதலில் நசுங்குவது அதுதான். பக்கத்திலிருக்கும் மகாதமனி எளிதில் விட்டுக்கொடுக்காது.

அப்படி நசுங்கினாலும் ரத்தம் நின்றுவிடுவதில்லை. மரம் விழுந்து போளூர் ரோடு அடைத்தால் பஸ் ஆலங்காயம் வழியாகச் சுற்றிப் போவது மலைக்காரர்களுக்குத் தெரியும். உடம்பும் அதைத்தான் செய்கிறது. முதுகெலும்பை ஒட்டி ஏறிவந்து எஸ்.வி.சி.யில் சேரும் அசைகஸ் என்ற சிரை முக்கியமான சுற்றுவழி. மார்பின் உட்புறச் சிரைகள், விலா ஓரத்துச் சிரைகள், முதுகுத்தண்டைச் சுற்றிய வலை எல்லாமே பெருத்துக் கொடுக்கும். அடைப்பு அசைகஸ் சேருமிடத்துக்கு மேலே இருந்தால் ஆள் தப்பித்தார். அசைகஸ் வழியாகவே ரத்தம் அடைப்பைத் தாண்டி எஸ்.வி.சி.யின் கீழ்ப்பகுதிக்கு வந்துவிடும். சேருமிடத்திலோ அதற்குக் கீழேயோ அடைத்தால், அசைகஸ் ஓட்டமே தலைகீழாகி, ரத்தம் வயிற்றுக்குள் இறங்கிக் கீழ்ப்பெருஞ்சிரை வழியாக இதயத்துக்கு ஏற வேண்டும். அவஸ்தை அங்கேதான் அதிகம்.

எக்ஸ்ரே எடுத்தோம். கழுவி, சொட்டச் சொட்ட, வேன் கதவின் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். பெரிய கட்டி எதுவும் இல்லை. மேலோட்டமாகப் பார்க்கிறவர் "நார்மல்" என்று எழுதிவிடக்கூடிய படம். மூச்சுக்குழலின் வலது ஓரம் மட்டும் கொஞ்சம் தடித்திருந்தது. அந்தத் தடிப்புக்குள் சுண்ணாம்பு படிந்த இரண்டு மூன்று துண்டுகள், எலும்பைவிட வெள்ளையாக. அசைகஸ் வளைவு, நின்றுகொண்டு எடுத்த படத்தில் ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டியது, அதைத் தாண்டிப் பெருத்திருந்தது. இடப்பக்கம் மகாதமனி வளைகிற இடத்தின் விளிம்பில் குட்டியாக ஒரு முனைப்பு. மகாதமனியின் முலைக்காம்பு என்றே ரேடியாலஜி புத்தகங்களில் அதற்குப் பெயர். மேல் விலாச் சிரை ஒன்று மகாதமனியைச் சுற்றி ஓடுமிடம் அது. நல்ல உடம்பிலும் சிலருக்குச் சின்னதாகத் தெரியும். இவ்வளவு பெருத்துத் தெரிந்தால், அந்தச் சிரை தன் சக்திக்கு மீறி ரத்தம் சுமக்கிறது என்று பொருள். எனக்கு அந்தச் சின்ன முனைப்பின் மேல் எப்போதுமே தனிப் பிரியம். ஐந்து மில்லிமீட்டர் நிழல், ஆனால் நெஞ்சுக்குள் நடக்கிற போக்குவரத்து மாற்றம் முழுவதையும் காட்டிக்கொடுத்துவிடும்.

அடைப்பு இருக்கிறது என்பது உறுதியானது. எதனால் என்பதுதான் கேள்வி, உண்மையில் அது ஒன்றுதான் கேள்வி. முகத்தையும் கழுத்தையும் பார்த்து அடைப்பைச் சொல்ல அனுபவமுள்ள சிஸ்டரே போதும்.

காரணங்களுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1757இல் வில்லியம் ஹண்டர் இந்த நோயை முதன்முதலாக விவரித்தபோது, அவர் பார்த்த நோயாளிக்கு மகாதமனி பலூன்போல வீங்கிச் சிரையை நெரித்திருந்தது. காரணம் மேகநோய். அதற்குப் பிறகும் நெடுங்காலம் மேகநோயும் காசநோயும்தான் முன்னால் நின்றன. பென்சிலின் வந்து மேகநோய் பின்வாங்க, சிகரெட் பெருகி நுரையீரல் புற்றுநோய் அந்த இடத்துக்கு வந்தது. இன்று உலகம் முழுக்கப் பார்த்தால் பெரும்பாலும் புற்றுநோய்தான்: நுரையீரல், அடுத்து லிம்ஃபோமா. நான் மாணவனாக இருந்தபோது படித்த புத்தகங்கள் அமெரிக்காவில் எழுதப்பட்டவை. புற்றுநோய் அல்லாத காரணம் என்றால் அவை ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சையைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசும். நம் ஊரில் அந்த இடத்தில் டி.பி. உட்கார்ந்திருப்பதை நாமாகத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

"முன்னாடி டி.பி.க்கு மாத்திரை சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். இல்லை என்றார். வீட்டுக்காரரும் இல்லை என்றார். டி.பி. என்ற சொல்லை மலையில் யாரும் லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சிஸ்டர் எதுவும் கேட்காமல் அந்த அம்மாவின் கழுத்தில் முடியை ஒதுக்கிக் காட்டினார். காதுக்குக் கீழே சுருங்கிய பழைய தழும்பு, நெறிக்கட்டி உடைந்து சீழ் வடிந்து ஆறிய தழும்பு. "அது கல்யாணத்துக்கு முந்தி. நெறி கட்டிச்சி. ஆத்தா பச்சிலை வெச்சாங்க" என்றார். அவ்வளவுதான், மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை.

கீழே நான் வேலை பார்த்த மருத்துவமனைக்கு வரச் சொன்னோம். வந்தார்கள். சாமை மூட்டையை விற்றுவிட்டுத்தான் வந்திருப்பார்கள், கொஞ்சம் தாமதமானது.

எஸ்.வி.சி. அடைத்தவருக்கு சி.டி. எடுப்பதில் ஒரு கைப்பக்குவம் இருக்கிறது. சாதாரணமாகக் கையில் கான்ட்ராஸ்ட் மருந்தைச் செலுத்தி, அரை நிமிடத்துக்குள் நெஞ்சைப் படமெடுத்துவிடுவோம். இவர்களுக்கு அப்படி எடுத்தால் ஏமாற்றம்தான். ஒரு கையில் மட்டும் போட்டால் அந்தப் பக்கத்துச் சிரைகள் மருந்து நிறைந்து கண்ணைக் கூசவைக்கும், கோடு கோடாக ஒளி சிதறிப் பக்கத்திலிருப்பதை மறைத்துவிடும். மறுபக்கத்திலிருந்து மருந்து கலக்காத ரத்தம் வந்து சேரும்போது, அங்கே ரத்தக்கட்டி இருப்பதுபோல ஒரு கறுப்பு தெரியும். இல்லாத கட்டியை இருப்பதாக எழுதிவிட இவ்வளவு போதும். அதனால் இரண்டு கைகளிலும் ஊசி, மருந்தைக் கொஞ்சம் நீர்க்கவைத்து, முதல் படம் உடனே, இரண்டாவது ஒரு நிமிடத்துக்கும் மேல் பொறுத்து. இரண்டாவது படத்தில் ரத்தம் முழுக்கக் கலந்திருக்கும். அப்போதும் கறுப்பாகவே இருந்தால்தான் அது கட்டி.

முதல் படத்தில் மருந்து போன வழியைப் பார்த்தால் யாருக்கும் வியப்பாக இருக்கும். தோள்பட்டை எலும்பைச் சுற்றி, விலாக்களின் இடுக்கில், முதுகுத்தண்டைச் சுற்றி, மார்பின் முன்சுவரில் என்று வெள்ளைக் கோடுகள் நெளிந்துகொண்டிருந்தன. இதயத்துக்குள் நேராக வந்த மருந்து மிகக் குறைவு. அசைகஸில் மருந்து இறங்கிக்கொண்டிருந்தது, ஏறவில்லை. அப்போது பயிற்சியில் இருந்த ஒரு தம்பி திடீரென்று, "சார், லிவர்ல ஏதோ இருக்கு" என்றான். முன்பக்கம், ஈரலின் நான்காம் கூறில், பளிச்சென்று ஒரு வெளிச்சத் துண்டு. ரத்தம் நிறைந்த புற்றுக்கட்டி அப்படித்தான் ஒளிரும். மார்பில் எங்கிருந்தோ பரவியிருக்கிறது என்று அவன் முடிவுகட்டியிருந்தான். "அரை நிமிஷப் படத்துல லிவர் இவ்வளவு பளிச்சுன்னு ஆகுமா தம்பி? ரத்தம் அங்க எந்த வழியா வந்துதுன்னு மட்டும் பாரு" என்றேன். அவன் ஒவ்வொரு துண்டாக நகர்த்தி மேலே போனான். மார்பின் உட்புறச் சிரை, அதிலிருந்து தொப்புள் பக்கம் இறங்கும் சின்னச் சிரைகள், அங்கிருந்து ஈரலுக்குள். கையில் போட்ட மருந்து சுற்றுவழியில் நீர்த்துப்போகாமல் நேராக ஈரலில் போய் இறங்கியிருந்தது. அடுத்த படத்தில் அந்த வெளிச்சம் அணைந்து, சுற்றியுள்ள ஈரலோடு கலந்துவிட்டது. சொல்லிக்கொடுக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

சி.டி.யில் காரணமும் கிடைத்தது. அசைகஸ் சேரும் இடத்திலிருந்து கீழே, எஸ்.வி.சி. ஒரு நூலாகச் சுருங்கியிருந்தது. அதைச் சுற்றி சதைப்பிடிப்பான ஒரு தகடு, அதற்குள் சுண்ணாம்பு ஏறிய நெறிகள். உள்ளே தள்ளுகிற கட்டி இல்லை, உள்ளிழுத்து இறுக்குகிற தழும்பு. புற்றுக்கட்டி பக்கத்திலிருப்பதை ஒதுக்கித் தள்ளும் அல்லது தின்னும். தழும்பு தன் பக்கமாக இழுக்கும். மூச்சுக்குழல்கூடக் கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. கல்யாணத்துக்கு முந்திய நெறிக்கட்டியின் கூட்டாளிகள் நெஞ்சுக்குள்ளும் இருந்திருக்கின்றன. ஆறியிருக்கின்றன. ஆறும்போது பக்கத்திலிருந்த சிரையையும் சேர்த்து இழுத்துக் கட்டிவிட்டன. இவ்வளவு தெளிவான படமும், இவ்வளவு நிதானமாக வருடக்கணக்கில் வந்த நோயும், கழுத்துத் தழும்பும் ஒன்றாகச் சேர்ந்தபோது, ஊசி குத்திச் சதை எடுக்க வேண்டாம் என்று முடிவெடுத்தோம். பெருத்த சிரைகள் நடுவே ஊசி விடுவதில் ரத்தக்கசிவுக்கான ஆபத்தும் உண்டு.

நோய் வந்த வேகமே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடும் என்பது என் அபிப்பிராயம். படத்தைப் பார்க்கும் முன்பே நான் கேட்பது அதைத்தான். வருடக்கணக்கில் வந்திருந்தால் சுற்றுவழிகள் வளர நேரம் கிடைத்திருக்கும், ஆள் நடந்தே வருவார். வாரக்கணக்கில் வந்திருந்தால் தூக்கி வருவார்கள். அந்த அம்மா மலைப்பாதையில் நடந்து வந்தவர். ஸ்டென்ட் வைத்துக் குழாயைத் திறக்கலாம் என்று பேசினோம், வயதையும் தழும்பின் இறுக்கத்தையும் யோசித்துத் தள்ளிப்போட்டோம். தலைமாட்டை உயர்த்திப் படுக்கச் சொல்லி, களையெடுப்பை மருமகளிடம் விடச் சொல்லி அனுப்பினோம். மருமகள் முகத்தைச் சுளித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

டி.பி.யை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம் என்பதை உலகத்துக்கு நிரூபித்த ஊர் சென்னை. 1956இல் தொடங்கிய ஆய்வு மையம், இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், சானடோரியத்தில் படுக்கவைத்துக் கொடுப்பதும் வீட்டில் மாத்திரை கொடுப்பதும் ஒரே பலன் தருவதாக 1959இல் காட்டியது. அந்த முடிவு வெளியாகி இத்தனை வருடம் கழித்தும், சென்னையிலிருந்து ஒரு பகல் பயண தூரத்தில் நெறிக்கட்டிக்குப் பச்சிலை வைத்து ஆறவிட்ட கழுத்து ஒன்று என் முன்னால் இருந்தது.

முகாம் முடிந்து மலையிலேயே தங்குகிற இரவுகளில் சிலமுறை காவலூர்ப் பக்கம் போயிருக்கிறோம். ஜவ்வாது மலையின் இருட்டைத் தேடி வானியலாளர் வைணு பாப்பு அமைத்த வானாய்வுக்கூடம் அங்கே இருக்கிறது. 1986இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது 1977 மார்ச்சில் நடந்தது. யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்துக் கடக்கும் நேரத்தை உலகில் பல இடங்களில் அளந்தார்கள். கோள் மறைப்பதற்கு முன்பே விண்மீனின் வெளிச்சம் சில நொடிகள் மங்கியதைக் காவலூரிலும் பதிவு செய்தார்கள். அப்படித்தான் யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரியவந்தது. யாரும் அன்றைக்கு வளையத்தைப் பார்க்கவில்லை, அது தடுத்த வெளிச்சத்தைத்தான் பார்த்தார்கள். சிரையில் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே படமான வெனோகிராமில் பழகிய தலைமுறையைச் சேர்ந்தவனுக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை. இரண்டு கைகளிலும் மருந்து செலுத்தி, எங்கே வெளிச்சம் நிற்கிறது, எங்கே திசை மாறுகிறது என்பதை மட்டும் வைத்து அடைப்பை நான்கு வகையாகப் பிரித்தார்கள், ஐயோவாவில் ஸ்டான்ஃபோர்டும் அவர் குழுவும், 1980களில். அடைப்பு எங்கே, எவ்வளவு என்று வெனோகிராம் மிக அழகாகச் சொல்லும். எதனால் என்று சொல்லாது. குழாய்க்கு வெளியே இருப்பதை அது காட்டுவதில்லை. சி.டி. வந்தபோது நாங்கள் கொண்டாடியது அதற்காகத்தான்.

இனி இன்னொரு நோயாளி, ஒரு பையனின் கதை. இருபது வயதுகூட ஆகவில்லை. புதூர்நாடு தாண்டி உள்ளே ஒரு ஊர். அவனுக்கு எல்லாம் மூன்று வாரத்துக்குள் நடந்திருந்தது. முகம் வீங்கி, கழுத்து பெருத்து, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டி, சுவரில் சாய்ந்தே தூங்கியிருக்கிறான். டோலி கட்டி ரோடு வரைக்கும் தூக்கி வந்து, கீழே ஓர் இடத்தில் காட்டியிருக்கிறார்கள். எந்த இடம் என்று இங்கே சொல்லப்போவதில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள். அந்தப் படம் பையனின் மாமா கையில் மடங்கிப் போய் இருந்தது. நெஞ்சின் நடுவில், இரண்டு பக்கமும் வழிந்து, ஒரு பெரிய வெள்ளை. அவசரம் என்று பயந்து, என்ன கட்டி என்று பார்க்காமலே ஸ்டீராய்டு ஊசி போட்டிருக்கிறார்கள். இரண்டே நாளில் முகம் வடிந்தது. குணமாகிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குடும்பம் முருகனுக்கு மொட்டை போட்டது. அடுத்த மாதம் முகம் மறுபடி வீங்க ஆரம்பித்தபோதுதான் எங்கள் முகாமுக்கு வந்தார்கள்.

எங்கே வேலை பார்த்தான், என்ன புகையில் நின்றான் என்றெல்லாம் கேட்டேன். மாமா தரையைப் பார்த்தார். 2015 ஏப்ரலில் ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதற்குப் பிறகு, ஜவ்வாது மலையில் ஒரு இளைஞனிடம் எங்கே வேலைக்குப் போனாய் என்று கேட்பது சாதாரணக் கேள்வி இல்லை. செத்தவர்களில் இந்த மலைக்காரர்களும் இருந்தார்கள். நான் அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன். நோயைக் கண்டுபிடிக்க அது தேவைப்படவும் இல்லை.

எஸ்.வி.சி. அடைப்பைக் கண்டால் உடனே கதிர்வீச்சு கொடு, காரணத்தை அப்புறம் தேடு என்று ஒரு காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். பழைய புத்தகங்களில் அது உயிர்போகும் அவசரம். மூச்சுக்குழல் நசுங்கினாலோ மூளையில் வீக்கம் வந்தாலோ அவசரம்தான், மறுக்கவில்லை. மற்றபடி பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு நாள் பொறுத்துச் சதை எடுத்துப் பார்க்க நேரம் இருக்கிறது என்பது 1980களிலேயே தெளிவாகிவிட்டது. அந்த நேரத்தை எடுத்துக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தப் பையன்தான் உதாரணம். லிம்ஃபோமா வகை அணுக்கள் ஸ்டீராய்டு பட்டதும் கரையும். வீக்கம் வடியும், கூடவே சாட்சியும் அழியும். எந்த வகை லிம்ஃபோமா என்று தெரியாமல் மருந்து தேர்ந்தெடுக்க முடியாது. ஒவ்வொரு வகைக்கும் மருந்து வேறு, காலம் வேறு.

அவனால் மல்லாந்து படுக்க முடியவில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்து, மயக்கமருந்து டாக்டரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சி.டி. எடுத்தோம். கட்டி பழைய எக்ஸ்ரேயில் இருந்ததைவிடச் சிறுத்துத்தான் இருந்தது, ஓரங்கள் மட்டும் மறுபடி தடிக்கத் தொடங்கியிருந்தன. எஸ்.வி.சி. இரண்டு பக்கமும் அழுந்தித் தட்டையாக, ஆனால் உள்ளே ரத்தக்கட்டி இல்லாமல் இருந்தது. நெஞ்செலும்பின் ஓரமாக ஊசிவிட்டு எடுத்த சதையில் பெத்தாலஜிஸ்டுக்குக் கிடைத்தது செத்த அணுக்களும் நார்களும்தான். "இதை வெச்சு என்னத்த சொல்றது?" என்று அவர் போனிலேயே சலித்துக்கொண்டார். முழு மயக்கம் கொடுத்து நெஞ்சைத் திறக்கலாம் என்றால், இப்படி நெரிபட்ட மூச்சுக்குழலுக்கு மயக்கம் கொடுப்பது பெரும் ஆபத்து.

அன்று மாலை அவனை உட்கார்ந்தபடியே வைத்து, அல்ட்ராசவுண்டில் கழுத்தைத் தடவிப் பார்த்தேன். கழுத்தெலும்புகளின் பின்னால், இரண்டு பக்கமும், மெல்ல. கையால் தொட்டால் ஒன்றும் தட்டுப்படாத இடம். இடப்பக்கம், தசைக்கு அடியில், ஒரு நெறி. நல்ல நெறிக்கு அவரை விதைபோல நடுவில் ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். இதில் அந்தக் கோடு இல்லை, உருண்டு கறுத்திருந்தது. அதற்குள் ரத்த ஓட்டமும் இருந்தது. ஸ்டீராய்டுக்குத் தப்பிப் பிழைத்த ஒன்று. அங்கேயே மரத்துப்போக ஊசி போட்டு, அவன் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டிருக்க, சதைத்துண்டுகள் எடுத்தேன். டி-லிம்ஃபோபிளாஸ்டிக் லிம்ஃபோமா என்று வந்தது. சின்ன வயசுப் பையன்களுக்கு வரும், வேகமானது, ரத்தப்புற்றுநோயைப் போலவே நீண்ட சிகிச்சை கேட்பது. பையன் சென்னையில் மாதக்கணக்கில் தங்கிச் சிகிச்சை எடுத்தான். கடைசியாக எனக்குத் தெரிந்தவரை நன்றாக இருந்தான். மாமா பலாப்பழ சீசனில் ஒருமுறை வந்து, ஒரு பழத்தை எக்ஸ்ரே அறை வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

இப்போதெல்லாம் இந்த நோய்க்கு மருத்துவர்களாகிய நாங்களே காரணமாகிற காலம் வந்துவிட்டது. டயாலிசிஸுக்காகக் கழுத்தில் வைத்த குழாய், பேஸ்மேக்கர் ஒயர், கீமோ போர்ட். சிரைச்சுவரில் உரசி உரசித் தழும்பாக்கும், ரத்தம் உறையும். சர்க்கரையால் கிட்னி போன ஒருவர் செங்கம் பக்கத்திலிருந்து முகம் வீங்கி வந்தால் இன்று நான் முதலில் தேடுவது கட்டியை இல்லை, கழுத்தில் குழாய் வைத்த தழும்பை. அப்படிப்பட்டவருக்கு சி.டி. காட்டுவதும் வேறுவிதம். நெஞ்சின் நடுப்பகுதி சுத்தமாக இருக்கும், சிரை மட்டும் உள்ளிருந்தே குறுகியிருக்கும். பலூன் விட்டு விரித்தால் சில நாளிலேயே வளையல் போட்டுக்கொள்ளலாம்.

கையில் தூக்கிக்கொண்டு போகிற எக்ஸ்ரே மெஷின்கள் இப்போது மலைக்கு வந்துவிட்டன. 2024 டிசம்பரில் நாட்டின் பல மாவட்டங்களில் 100 நாள் காசநோய்த் தேடல் தொடங்கியபோது, அந்த மாதிரி மெஷின்களோடு வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள். டெவலப்பர் கேன் சிந்துமே என்ற கவலை இல்லை. படம் எடுத்த நொடியில் திரையில் வரும், மென்பொருள் அதைப் படித்து டி.பி. இருக்கும் சாத்தியத்தை எண்ணாகச் சொல்லிவிடும். நல்ல விஷயம், நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மென்பொருளுக்குக் கற்றுக்கொடுத்திருப்பது பெரும்பாலும் நுரையீரலைப் பார்க்க. மூச்சுக்குழலின் ஓரத்தையும் மகாதமனி விளிம்பையும் பார்க்க யாராவது ஒருவர் இன்னும் தேவைப்படுகிறார்.

ஓய்வுபெற்ற பிறகும், மலையில் வேலைசெய்யும் ஒரு சிஸ்டர் சந்தேகமான படங்களை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். போன மழைக்காலத்தில் நெல்லிவாசல் பக்கத்து ஆள் ஒருவரின் படம் வந்தது. ஐம்பது வயது, பீடி பிடிப்பவர், இருமலுக்காக எடுத்தது. மென்பொருள் டி.பி. இல்லை என்று சொல்லியிருந்தது, அதுவும் சரிதான். மூச்சுக்குழலின் வலது ஓரம் மட்டும் வெளியே புடைத்திருந்தது, அசைகஸ் வளைவு எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. சிஸ்டரைக் கூப்பிட்டேன்.

"ஆளு அங்கதான் இருக்காரா?"

"வாசல்லதான் சார் உக்காந்திருக்காரு."

"ரெண்டு கையையும் காதோட ஒட்டித் தூக்கச் சொல்லுங்க. ஒரு நிமிஷம் அப்படியே வெச்சிருக்கணும். மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருங்க."

போனை அணைக்காமல் காத்திருந்தேன். அவர் யாரையோ அதட்டுவதும், "இறக்காதீங்கண்ணா, இறக்காதீங்க" என்பதும் கேட்டது.

"சார், மூஞ்சி கருத்துப் போவுது. கழுத்து நரம்பு ரெண்டும் எழும்பி நிக்குது. மூச்சு முட்டுதுங்கறாரு."

"போதும், இறக்கச் சொல்லுங்க. மூஞ்சி வீக்கம் எத்தனை நாளாம்?"

"சட்டை மேல்பட்டன் போட முடியலன்னு அவங்க வீட்டம்மா சொல்றாங்க. ஒரு மாசம் இருக்குமாம்."

"கீழ பஸ் எப்ப?"

"நாலரைக்கு ஒண்ணு இருக்கு சார்."

"அதுலயே கூட ஆளோட ஏத்தி விடுங்க. பஸ்ல சாய்ஞ்சு உக்காரட்டும், படுக்கவேணாம். பழைய சீட்டு, மாத்திரை அட்டை எது இருந்தாலும் எடுத்துக்கச் சொல்லுங்க. நான் சி.டி.க்குச் சொல்லி வெக்கறேன். சதை எடுத்துப் பாக்கற வரைக்கும் யாரும் ஸ்டீராய்டு ஊசி மட்டும் போடக்கூடாது. அதைச் சீட்டுல பெரிய எழுத்துல எழுதுங்க."

"எழுதிட்டேன் சார்" என்றார். அவர் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்.